மீக்கணினியின் கடைமடை

நம் நாட்டில் ஒரு மீக்கணினி திறந்துவைக்கப்படும்போதெல்லாம் நாளிதழ்கள் ஏறத்தாழ ஒரே செய்தியைத்தான் அச்சிடுகின்றன. பெயர் மாறும், ஊர் மாறும், எண் மாறும். நொடிக்கு இத்தனை லட்சம் கோடிக் கணக்குகள், உலகத் தரவரிசையில் இத்தனையாவது இடம், செலவு இத்தனை கோடி ரூபாய், நாடா வெட்டியவர் இன்னார். அந்த இயந்திரத்தில் யாருடைய கணக்கு முதலில் ஓடும், யாருடையது எத்தனை நாள் காத்திருக்கும், அதை யார் எந்த விதிப்படி தீர்மானிக்கிறார்கள் என்னும் கேள்வியை நான் படித்த செய்திகளில் எவரும் எழுப்பியதில்லை. மற்ற எல்லாக் கேள்விகளையும்விட அதுவே முதன்மையானது என்பதும், அதைக் கேட்காமல் விட்டதால்தான் நம் ஆய்வுக்கூடங்களில் ஒரு புதிய நிலவுடைமை முளைத்துக்கொண்டிருக்கிறது என்பதும் என் தரப்பு.

தமிழ் இலக்கியம் படித்தவனுக்கு மீக்கணினியில் என்ன வேலை என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். இரண்டு பதில்கள் உண்டு. 2018ஆம் ஆண்டு ராயல் சொசைட்டி ஓப்பன் சயின்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு, 20 திராவிட மொழிகளின் அடிப்படைச் சொற்களை ஒப்பிட்டு, இம்மொழிக் குடும்பத்தின் வயது ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் எனக் கணித்தது. நம்மவர்கள் அந்த எண்ணை மேடைதோறும் முழங்கினார்கள். ஆனால் அவ்வகைக் கணிப்பில், நிகழ்ந்திருக்கக்கூடிய மொழிக்கிளை மரங்களை லட்சக்கணக்கில் உருவாக்கி ஒவ்வொன்றையும் எடைபோட வேண்டியிருக்கிறது என்பதும், அது நிகழ்தகவுக் கணக்கும் கணினி உழைப்பும் சேர்ந்த வேலை என்பதும் பலருக்குத் தெரியாது. நம் துறையும் அந்த வரிசையின் வாசலுக்கு வந்துவிட்டது. இரண்டாவது பதில், இந்தப் பிரச்சினையின் மையத்தில் இருப்பது ஒரு தமிழ்ச் சொல். அந்தச் சொல்லைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு.

அச்சொல் முறை. 'இது என் முறை' என்னும்போது அதற்குப் பொருள் வரிசையில் வரும் வாய்ப்பு. அரசன் முறை செய்தான் என்னும்போது அதற்குப் பொருள் நீதி. நீதி கிடைக்காதவன் முறையிடுகிறான். அத்தை மகள் முறைப்பெண் என்னும்போது அது உறவு. ஒருவருக்கொருவர் வாய்ப்பை விட்டுக்கொடுத்தலும், நீதியும், உறவும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. இது தற்செயலாக இருக்கலாம்; அகராதிக்காரர்கள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது, பலர் பகிரும் ஒரு பொதுப்பொருளில் வாய்ப்பின் வரிசையே நீதி என்று இம்மொழி பேசிய மக்கள் அறிந்திருந்தார்கள் என்பது.

*

முதலில் இந்த இயந்திரம் எப்படிப் பகிரப்படுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மீக்கணினி என்றதும் ஒரு மாபெரும் மூளையைக் கற்பனை செய்துகொள்கிறோம். அறிவியல் புனைகதைகள் நமக்குத் தந்த படம் அது. உண்மையில் அது சட்டகங்களில் அடுக்கடுக்காகப் பொருத்தப்பட்ட பல கணினிகளின் கூட்டம். ஒவ்வொன்றையும் கணு என்கிறார்கள். கணுக்களை அதிவேக வலை ஒன்று இணைக்கிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான சேமிப்பகம் ஒன்று உண்டு. ஆய்வாளர் அந்த இயந்திரத்தின் முன் அமர்வதில்லை. எங்கிருந்தோ தன் கணினி வழியாக நுழைவுக் கணுவுக்கு வருகிறார். அங்கே ஒரு சிறு விண்ணப்பம் எழுதுகிறார். எனக்கு இத்தனை கணுக்கள் வேண்டும், இவ்வளவு நினைவகம் வேண்டும், இத்தனை மணி நேரம் வேண்டும், கிடைத்ததும் இந்த நிரலை ஓட்டு என்பது அதன் சாரம். இதைத்தான் பணி என்கிறார்கள். ஆய்வுக்கூடத்துப் பேச்சில் ஜாப். ஒப்படைத்துவிட்டு அவர் உறங்கப் போகலாம். பணி வரிசையில் நிற்கும். முறை வந்ததும், நள்ளிரவானாலும், ஓடும். விடை கோப்பில் எழுதப்பட்டிருக்கும். கேட்ட நேரம் தீர்ந்தும் கணக்கு முடியாவிட்டால் ஓர் எச்சரிக்கை போகும். ஸ்லர்ம் என்னும் மென்பொருளின் வழக்கமான அமைப்பில் அதன்பின் 30 விநாடி அவகாசம். பிறகு பணி கொல்லப்படும். கொல்லுதல் என்பது அவர்களே வழங்கும் சொல்.

வரிசையை ஆள்வது அந்த ஸ்லர்ம் போன்றதொரு மென்பொருள். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் 2000களின் தொடக்கத்தில் பிறந்த ஸ்லர்ம், திறந்த மூல மென்பொருளாக இன்று உலகின் பெரிய மீக்கணினிகள் பலவற்றில் வேலை செய்கிறது. அது வந்தவர் வரிசையை மட்டும் பார்ப்பதில்லை. அப்படிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஓர் இயந்திரத்தில் 100 கணுக்கள் என்று கொள்வோம். அவற்றில் 60 இன்னும் 10 மணி நேரத்துக்கு வேலையில் இருக்கின்றன, 40 காலி. வரிசையின் தலையில் நிற்பவர் 100 கணுக்களையும் கேட்கிறார். அவருக்காக அந்த 40 கணுக்களும் 10 மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். இந்த வீணடிப்பைத் தவிர்க்க ஒரு வழியை 1995இல் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் டேவிட் லிஃப்கா ஐபிஎம் எஸ்பி இயந்திரத்துக்காக அமைத்தார். இடைநிரப்பல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். பின்னால் நிற்கும் சிறிய பணி ஒன்று 4 கணுக்களை 3 மணி நேரத்துக்குக் கேட்டால், அது உடனே உள்ளே அனுமதிக்கப்படும். தலையில் நிற்பவருக்கு இதனால் ஒரு விநாடிகூடத் தாமதம் இல்லை. வலியவரின் இடத்தைப் பறிக்காமல் எளியவருக்கு வழிவிடும் ஏற்பாடு இது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்தச் சிறிய பணிக்காரர் தன் தேவையை நேர்மையாகச் சொல்லியிருக்க வேண்டும். 3 மணி நேரத்தில் முடியும் வேலைக்கு, எதற்கும் இருக்கட்டும் என்று 24 மணி நேரம் எழுதியிருந்தால் அந்த 10 மணி நேர இடைவெளிக்குள் அவர் நுழைய முடியாது. இடம் காலியாகவே கிடக்கும். அவரும் வெளியே நிற்பார்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. 1988இல் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூடி கே, பியர்ஸ் லாடர் இருவரும், ஒரு கணினியைப் பலர் பகிரும்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கு நீண்டகால நோக்கில் கிடைக்கச் செய்வது எப்படி என்று எழுதினார்கள். அந்தச் சிந்தனையின் வழிவந்ததே இன்றைய வரிசைகளில் உள்ள பங்குநேர்மைக் கணக்கு. அண்மையில் நிறையப் பயன்படுத்தியவரின் முன்னுரிமை இறங்கும், பயன்படுத்தாதவருடையது ஏறும். பழைய பயன்பாடு மெல்ல மறக்கப்படும். ஸ்லர்மில் எவரும் மாற்றி அமைக்காவிட்டால், 7 நாள் கழிந்த பயன்பாடு பாதி எடையுடன்தான் கணக்கில் வரும். அதாவது நினைவும் மறதியும் சரியான அளவில் கலந்த ஒரு நியாயஸ்தர்.

இதைவிட எனக்கு வியப்பளித்தது வேறொன்று. காத்திருக்கும் ஒவ்வொரு பணிக்கும் எதிரே, அது ஏன் காத்திருக்கிறது என்னும் காரணம் எழுதப்பட்டிருக்கும். போதிய கணுக்கள் காலியாக இல்லை. உன்னைவிட முன்னுரிமை உடையவர் முன்னால் இருக்கிறார். உன் ஒதுக்கீட்டின் எல்லை முடிந்துவிட்டது. எவரும் எந்த நேரமும் பார்க்கலாம். பட்டா மாறுதலுக்கு மனுக்கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களுக்கு இந்த ஒரு வரியின் அருமை தெரியும். காத்திருப்பவனுக்குக் காரணம் சொல்லும் அலுவலகத்தை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

*

இப்படிப்பட்ட வரிசையைத்தான் நம் ஆய்வாளர்களில் ஒரு சாரார் இகழ்கிறார்கள். வரிசை என்பது குமாஸ்தாத்தனம், மேதைமைக்குப் போடப்பட்ட முட்டுக்கட்டை, பெரிய அறிவியல் செய்கிறவனைச் சில்லறைக் கணக்குகளுக்குப் பின்னால் நிறுத்தும் அநீதி என்பது இவர்கள் பேச்சு. இகழ்வதோடு நிற்பதில்லை, சுற்றுவழிகளும் கண்டுபிடித்துவிட்டார்கள்.

முதல் வழி, தேவைக்கு மேல் கேட்பது. இரண்டாவது, நுழைவுக் கணுவிலேயே கணக்கை ஓட்டுவது. அந்தக் கணு எல்லோரும் வந்துபோகும் திண்ணை. கோப்பைத் திருத்தவும் பணியை ஒப்படைக்கவும் மட்டுமே அது. ஒருவர் அங்கே கனமான கணக்கொன்றை ஓட்டினால், உள்ளே வர முயலும் அத்தனை பேரின் கட்டளைகளும் நொண்டும். மூன்றாவது, பொதுச் சேமிப்பகத்தில் லட்சக்கணக்கான சிறு கோப்புகளைக் கொட்டுவது. இவ்வகைச் சேமிப்பகம் பெரிய கோப்புகளை வேகமாக எழுதப் படிக்க அமைந்தது. எண்ணற்ற குட்டிக் கோப்புகளை ஓயாமல் திறந்து மூடினால் கோப்புப் பட்டியலைப் பேணும் பகுதி திணறி, சம்பந்தமே இல்லாத அடுத்தவரின் பணியும் தவழும். நான்காவது, தன் கணக்கையும் கடவுச்சொல்லையும் மாணவர்களிடமும் நண்பர்களிடமும் கொடுத்துவைப்பது. இதைப் பெருந்தன்மை என்று எண்ணுகிறார்கள். 2020 மே மாதம் எடின்பரோவின் ஆர்ச்சர் உட்பட ஐரோப்பாவின் பல மீக்கணினிகள் ஊடுருவலுக்கு ஆளாகி மூடப்பட்டன. ஊடுருவியவர்கள் பயன்படுத்தியது பயனர்களிடமிருந்து களவாடப்பட்ட நுழைவு உரிமைகளை. பலருக்குப் பொதுவான கதவில் ஒருவருடைய சாவி கவனக்குறைவாகக் கிடந்தால் இழப்பு அவருக்கு மட்டும் நேர்வதில்லை.

பொதுக் கணினிநேரத்தைச் சொந்தச் சொத்தாகக் கருதும் மனம் எங்கே போய் முடியும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் கண்காணிப்பு அலுவலகம் 2014இல் ஒரு செய்தியை வெளியிட்டது. ஓர் ஆய்வாளர் இரண்டு பல்கலைக்கழகங்களின் மீக்கணினிகளில் பிட்காயின் தோண்டியிருக்கிறார். அவர் செலவழித்த கணினிநேரத்தின் மதிப்பு 1,50,000 டாலருக்கு மேல். தோண்டி எடுத்த காசின் மதிப்பு 8,000 முதல் 10,000 டாலர் வரை. 2018 பிப்ரவரியில் ரஷ்யாவின் சாரோவ் நகர அணு ஆய்வு மையத்தில் இதே முயற்சிக்காகச் சிலர் கைதானார்கள். நம் மேதைகள் காசு தோண்டுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஊர்ப்பொதுவில் இருப்பது என் வசதிக்கு என்னும் எண்ணம் இரண்டிடத்திலும் ஒன்றுதான்.

ஐந்தாவது வழிதான் நம் மண்ணுக்கே உரியது. அது தொலைபேசி. எங்கள் கல்லூரியில் வேதியியல் படித்து, பின்னர் பெயர்பெற்ற ஆய்வு நிறுவனம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த மாணவி ஒருவர் விடுமுறையில் வந்திருந்தபோது சொன்னது இது. புரதமொன்றின் அசைவைக் கணிக்கும் அவரது பணி 9 நாட்களாக வரிசையில் நின்றது. காரணப் பகுதியில், கணுக்கள் ஒதுக்கிவைக்கப்பட்டுள்ளன என்று வந்துகொண்டிருந்தது. விசாரித்தால், மூத்த பேராசிரியர் ஒருவரின் குழுவுக்காக மேலிடத்திலிருந்து வந்த ஒரே அழைப்பில் இயந்திரத்தின் கணிசமான பகுதி ஒரு மாதத்துக்குத் தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குழுவின் நிரல் இன்னும் தயாராகவில்லை. ஒதுக்கிய கணுக்கள் சும்மா கிடந்தன. "காத்திருக்கறது கஷ்டமில்ல சார். காலியா இருக்கற எடத்தப் பாத்துக்கிட்டே காத்திருக்கறதுதான் கஷ்டம்" என்றார் அந்தப் பெண். கல்வி உதவித்தொகை முடிய அவருக்கு 4 மாதங்கள் இருந்தன. மேதைமையின் சுதந்திரம் என்று இவர்கள் பெயரிட்டு அழைக்கும் பொருளுக்கு விலை கொடுப்பவர்கள் இத்தகைய பிள்ளைகள்தான்.

இதில் மென்பொருளின் பிழை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்லர்ம் தனக்குச் சொன்னதைச் செய்தது. காரணத்தைக்கூட ஒளிக்காமல் எழுதிக்காட்டியது. தவறு, எவருக்கும் தெரியாமல் அந்த ஒதுக்கீட்டை எழுதிய கையில் இருக்கிறது.

*

எதிர்த்தரப்பின் வலுவான வாதங்களைச் சந்திக்காமல் போவது நேர்மையாகாது.

ஒன்று. தேவைக்கு மேல் நேரம் கேட்பதால் வரிசை கெட்டுவிடாது என்று ஆய்வே சொல்கிறதே என்பார்கள். உண்மைதான். எருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ட்ரோர் ஃபைட்டல்சனும் அஹுவா முஅலமும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பயனர்கள் ஓட்டநேரத்தைக் கணிசமாக மிகைப்படுத்திச் சொல்லும்போது இடைநிரப்பல் இன்னும் நன்றாகவே வேலை செய்கிறது என்று வியப்புடன் பதிவு செய்தார்கள். பணிகள் சொன்ன நேரத்துக்கு முன்பே முடிவதால் எதிர்பாராத இடைவெளிகள் உருவாகின்றன. அவற்றில் சிறு பணிகள் நுழைந்துவிடுகின்றன. ஆனால் அந்த ஆய்வு பேசுவது ஒட்டுமொத்த வரிசையின் சராசரியை. சராசரியில் வாழ்கிற மனிதர் எவரும் இல்லை. எல்லோரும் பொய் சொல்லும் வரிசையில், உன் முறை எப்போது வரும் என்று எவருக்கும் சொல்ல முடியாமல் போகும். நாளை மாலை விடை வந்துவிடும் என்று தெரிந்தால் ஒரு மாணவர் தன் வாரத்தைத் திட்டமிடலாம். அந்த உறுதியைச் சராசரியால் தர இயலாது. மேலும், பத்துப் பேர் மிகையாகக் கேட்கும் இடத்தில் சரியாகக் கேட்கத் தெரிந்தவருக்கே இடைவெளியில் முதல் இடம் என்பதும் மாறவில்லை.

இரண்டு. அவசரம் என்று ஒன்று இல்லையா என்பார்கள். உண்டு. புயல் நம் வரிசைக்காகக் காத்திருக்காது. அதனால்தான் வானிலை முன்கணிப்புக்குத் தனி இயந்திரங்கள் வைக்கிறோம். 2024 செப்டம்பரில் புனேயிலும் நொய்டாவிலும் தொடங்கப்பட்ட அர்கா, அருணிகா இரண்டும் அப்படிப்பட்டவை. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது அமெரிக்காவில் அரசும் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் கூட்டமைப்பொன்றை ஏற்படுத்தி, நோய் குறித்த ஆய்வுகளுக்குத் தங்கள் மீக்கணினிகளில் முன்னுரிமை தந்தன. அதை ஊரறிய அறிவித்துவிட்டுத் தந்தன; எவரும் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லித் தந்தன. கருகும் நாற்றங்காலுக்கு முறை தவறி நீர்விடுவதை எந்த உழவரும் குறைசொல்ல மாட்டார். இரவில் எவருக்கும் தெரியாமல் மடையைத் திறப்பதைத்தான் களவு என்கிறோம்.

மூன்று. இத்தனை தொல்லை எதற்கு, பணமுள்ளவர்கள் மேகக் கணினியில் நேரம் வாங்கிக்கொள்ளட்டும், அல்லது தங்கள் துறைக்கென்று தனி இயந்திரம் வாங்கிவைத்துக்கொள்ளட்டும் என்பார்கள். கேட்க இனிமையான இந்த யோசனையைத்தான் நான் எல்லாவற்றிலும் ஆபத்தானதாகக் கருதுகிறேன். காரணம் சொல்ல நான் கண்மாய்க் கரைக்குப் போக வேண்டியிருக்கிறது.

*

தென் மாவட்டங்களின் கண்மாய்ப் பாசனத்தில் நீர்க்கட்டி என்றொருவர் உண்டு. மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு நீர் என்று முறைவைத்துப் பாய்ச்சுவதும் அவர் பொறுப்பு. கண்மாயில் நீர் குறையக் குறைய அவர் வேலை நுட்பமாகும். தலைமடைக்காரர் தன் வயல் நிறைந்த பின்னும் வாய்க்காலை அடைக்க மாட்டார். கடைமடைக்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். இருவருக்கும் நடுவே நின்று முறையைக் காப்பவர் நீர்க்கட்டி. கூலி அறுவடையில் நெல்லாக வரும்.

இதைப் பொற்காலச் சித்திரமாக நான் வரையவில்லை. நீர்க்கட்டிகளில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். ஊர் நீரின் முறையை அவர்கள் கையில் கொடுத்த அதே ஊர், அவர்களை ஊருக்கு வெளியே குடிவைத்தது. தலைமடை யாருக்கு, கடைமடை யாருக்கு என்பதிலும் சாதி இருந்தது. அந்த வகையில் நிரல் மனிதரைவிட மேலானது என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்குச் சாதி தெரியாது. துறைத்தலைவரின் முகத்தைப் பார்த்து அஞ்சவும் தெரியாது. ஆனால் எந்தக் குழுவுக்கு எத்தனை பங்கு, பெரிய பணிக்கு எவ்வளவு எடை, காத்திருந்த காலத்துக்கு எவ்வளவு எடை என்ற எண்களை அதற்கு எழுதித் தருபவர்கள் மனிதர்கள். அந்த எண்கள் இருக்கும் அறைக்குள் சாதியும் பதவியும் தாராளமாக நுழையலாம். ஆகவே, இயந்திரம் நடுநிலையானது என்ற சமாதானத்தை நான் ஏற்பதற்கில்லை.

இனி அந்த மூன்றாவது வாதத்துக்கு வருகிறேன். கண்மாய்கள் அழிந்ததற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் ஒன்று கிணறும் பம்புசெட்டும். வசதியுள்ள உழவர் சொந்தமாகக் கிணறு வெட்டி மோட்டார் வைத்ததும் கண்மாய் நீரை நம்பும் தேவை அவருக்கு இல்லாமல் போயிற்று. தூர்வாரும் நாளில் அவர் வரவில்லை. மடை உடைந்தபோது அவர் குரல் கொடுக்கவில்லை. ஊரில் சொல்செல்லும் மனிதர்கள் விலகிக்கொண்ட பின் பொதுநீர் ஏழைகளின் நீராயிற்று. ஏழைகளின் நீர் கவனிப்பாரற்ற நீராயிற்று. மீக்கணினியிலும் இதுவே நடக்கும். செல்வாக்குள்ள குழுக்கள் தனி இயந்திரத்துக்கும் விலைக்கு வாங்கும் மேகத்துக்கும் போய்விட்டால், பொது வரிசை பழுதடையும்போது அமைச்சகத்துக்குக் கடிதம் எழுத எவரும் இருக்க மாட்டார்கள். கடைமடையில் நிற்கும் மாணவருக்கு அமைச்சகத்தின் முகவரிகூடத் தெரியாது.

பணத்தால் வரிசையிலிருந்து விலகலாம் என்பவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். 2015இல் தொடங்கப்பட்ட தேசிய மீக்கணினித் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 4,500 கோடி ரூபாய். அதன்கீழ் காசி, புனே, கரக்பூர், பெங்களூரு எனப் பல இடங்களில் இயந்திரங்கள் வந்தன. திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று திறக்கப்பட்ட இயந்திரத்தின் வேகம் 838 டெராஃப்ளாப்ஸ்; நொடிக்கு 838 லட்சம் கோடிக் கணக்குகள். அதற்குப் பரம் பொருள் என்று பெயர் வைத்தபோது நாம் மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் இவை எவருடைய தனிப்பணத்திலும் வாங்கப்பட்டவை அல்ல. தீப்பெட்டி வாங்குகிறவரும் வரி கட்டும் நாடு இது. பொதுப்பணத்தில் வெட்டிய குளத்துக்குப் பொதுமுறைதான் இருக்க முடியும்.

*

குறைசொல்லிவிட்டு எழுந்துபோவது எளிது. என் கோரிக்கைகளையும் வைத்துவிடுகிறேன்.

பொதுப்பணத்தில் இயங்கும் ஒவ்வொரு மீக்கணினியும் தன் வரிசையின் விதிகளையும் எடைகளையும் எவரும் படிக்கும்படி வெளியிட வேண்டும். யாருக்கு, எதற்காக, எத்தனை நாளுக்குத் தனி ஒதுக்கீடு தரப்பட்டது, அதில் எவ்வளவு பயன்பட்டது, எவ்வளவு வீணாயிற்று என்பதை மாதந்தோறும் சொல்ல வேண்டும். எந்தத் துறைக்கு எவ்வளவு நேரம் போயிற்று, சராசரிக் காத்திருப்போடு கூடவே மிக நீண்ட காத்திருப்பு எத்தனை நாள் என்பதையும் சொல்ல வேண்டும். இது நடக்காத காரியமன்று. பஃபலோ பல்கலைக்கழகத்தில் உருவான எக்ஸ்டிமாட் என்னும் கருவியின் வழியே அமெரிக்காவின் தேசிய மீக்கணினிகள் எந்தத் துறைக்கு எவ்வளவு பயன்பட்டன என்பதைப் பொதுமக்களும் பார்க்க வழி இருந்திருக்கிறது. அங்கே 2022இல் தொடங்கிய ஆக்ஸஸ் திட்டத்தின் தொடக்கநிலை ஒதுக்கீட்டுக்கு, நெறியாளரின் கடிதத்தோடு ஆராய்ச்சி மாணவரே தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். நம் மாணவருக்கும் அந்த வாசல் திறக்கப்பட வேண்டும். மாவட்டத் தலைநகரத்து அரசு கல்லூரி மாணவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பயன்படுத்துகிறவர்களுக்கும் கடமை உண்டு. பெரிய கணக்கை ஒப்படைக்கும் முன் சிறு அளவில் ஓட்டிப்பார்த்துத் தேவையை அளந்துகொள்ளுங்கள். நியாயமான அளவு கூட்டிக் கேளுங்கள். பயத்தால் பத்து மடங்கு கேட்காதீர்கள். இடையிடையே நிலையைச் சேமித்துவைக்கும்படி நிரலை எழுதுங்கள். அப்போது பணி கொல்லப்பட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், நீண்ட நேரம் கேட்கும் தேவையும் குறையும். முடிந்த பணி கேட்டதில் எவ்வளவு பயன்படுத்தியது என்று பின்னர் திரும்பிப் பாருங்கள். இவையெல்லாம் தொழில்நுட்பக் குறிப்புகள் போலத் தோன்றலாம். பொதுக்குழாயடியில் குடத்தை நிரப்பியதும் நகர்ந்துகொள்ளும் நாகரிகம்தான் இது.

கடைசியாக, நம் இலக்கிய நண்பர்களுக்கு ஒரு சொல். மீக்கணினி நொடிக்கு எத்தனை கணக்குப் போடுகிறது என்று வியந்து கவிதை எழுதுவதைச் சற்றே ஒத்திவைப்போம். ஒவ்வோராண்டும் ஜூனிலும் நவம்பரிலும் வெளியாகும் உலகத் தரவரிசையில் நம் இயந்திரம் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியல், குறிப்பிட்ட ஒரு சோதனைக் கணக்கை இயந்திரம் எவ்வளவு வேகமாகப் போட்டது என்பதை மட்டுமே அளக்கிறது. ஒரு கண்மாயின் பெருமையை அதன் கொள்ளளவைக் கொண்டு மட்டும் எந்த உழவரும் அளந்ததில்லை. கடைமடை வரை நீர் போய்ச் சேர்ந்ததா என்றுதான் கேட்டார்கள். அடுத்த முறை எங்கேனும் ஒரு மீக்கணினியின் நாடா வெட்டப்படும்போது, நிகழ்ச்சிக்குப் போகும் செய்தியாளர்களில் ஒருவராவது அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். பதில் சொல்பவர் தடுமாறினால் அந்தத் தடுமாற்றத்தையே தலைப்புச் செய்தியாகப் போடலாம்.